டிவி வாங்கும் முன் அதன் முதுகைப் பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படிக்கவும்.

1994-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளைகள் சேர்ந்து நம் பள்ளிக்கு ஒரு பெரிய டிவி வாங்கித் தரப் போகிறார்கள். நல்ல காரியம். வாட்ஸப் குழுவில் நான்கு நாளாக விவாதம் நடக்கிறது. 55 அங்குலமா 65 அங்குலமா என்று ஒரு கட்சி. எந்தக் கம்பெனி என்று ஒரு கட்சி. துபாயில் இருக்கும் தம்பி, "8கே டிவியே வாங்குவோம், மிச்சப் பணம் நான் போடுறேன்" என்கிறான். அத்தனை செய்தியையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டேன். அந்த டிவியோடு எதை இணைக்கப் போகிறோம், எந்த வயரால் இணைக்கப் போகிறோம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

குழுவில் எழுதினால் நடுவில் யாராவது பூ போட்ட 'காலை வணக்கம்' படத்தை அனுப்பிவிடுகிறீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் ஒரு திரை எத்தனை வருடம் உழைக்கும் என்பது பெரும்பாலும் அதன் முதுகில் இருக்கும் சாக்கெட்டுகளைப் பொறுத்தது. அதைப் பார்க்காமல் வாங்கிக் கொடுக்கிற திரை, கொஞ்ச நாளில் துணி போர்த்திய அலமாரி ஆகிவிடும்.

"டீச்சர், உங்களுக்கும் வயருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். நான் படித்தது ஆசிரியர் பயிற்சி. எலக்ட்ரானிக்ஸ் படிக்கவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். அதற்கு இரண்டு வருடத்துப் பிள்ளைகள் விலை கொடுத்தார்கள். அந்தத் தப்புதான் என் தகுதி.

நான் தலைமையாசிரியையாக இருந்தபோது ஒரு புண்ணியவான் நம் பள்ளிக்கு புரொஜெக்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தார். பழைய கம்ப்யூட்டரோடு, இரண்டு பக்கமும் திருகாணி உள்ள நீலத் தலை வயரால் இணைத்துப் பயன்படுத்தினோம். நன்றாக ஓடியது. 2016-ல் அந்தக் கம்ப்யூட்டர் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பதில் ஒரு மடிக்கணினி வந்தது. மெல்லிசாக, அழகாக இருந்தது. அதில் நீலத் தலை வயரைச் சொருக இடமே இல்லை. எச்டிஎம்ஐ என்ற சின்ன சாக்கெட் ஒன்றுதான் இருந்தது. புரொஜெக்டரிலோ அந்தச் சின்ன சாக்கெட் கிடையாது.

டவுனில் ஒரு கடையில் கேட்டோம். ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறுமுனையில் நீலத் தலை உள்ள ஒரு வயரைக் கொடுத்தார்கள். 250 ரூபாய். இரண்டு பக்கமும் கச்சிதமாகப் பொருந்தியது. புரொஜெக்டரைப் போட்டால் நீலத் திரையில் 'சிக்னல் இல்லை' என்று வந்தது. கழற்றி மாட்டினோம். திரும்பவும் அதே. பத்து நாள் முயன்ற பிறகு புரொஜெக்டர்தான் போய்விட்டது என்று முடிவு செய்தேன். இருப்புப் பதிவேட்டில் 'பழுது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அதோடு விட்டேனா? இல்லை. புதிதாக வந்த ஓர் இளம் ஆசிரியைதான் அந்த வயரை முதலில் மாட்டியவர். நீர்ச்சுழற்சி, சூரியக் குடும்பம் எல்லாம் ராத்திரி உட்கார்ந்து படங்களோடு தயார் செய்திருந்தார். மற்ற ஆசிரியர்கள் முன்னால் அவரிடம், "நல்லா இருந்த பொருளைத் தொட்டுக் கெடுத்துட்டீங்களே" என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. அதற்குப் பிறகு பள்ளியில் மின்விசிறி சுவிட்சைக்கூட அவர் தயங்கித்தான் தொட்டார்.

2018 பொங்கலுக்கு ஊருக்கு வந்த ஒரு பழைய மாணவன் பள்ளிக்கு என்னைப் பார்க்க வந்தான். சென்னையில் கேமரா மாட்டும் வேலை செய்கிறவன். பெயர் சொன்னால் கூச்சப்படுவான். படிக்கிற காலத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னால் ஏழோடு நின்றுவிடுவான். பீரோவைத் திறந்து காட்டினேன். வயரைக் கையில் எடுத்துப் பார்த்ததுமே சொன்னான்: "டீச்சர், புரொஜெக்டர் நல்லாத்தான் இருக்கு. இந்த வயர்தான் பொம்மை."

அடுத்த முறை வரும்போது ரிச்சி தெருவில் இருந்து தீப்பெட்டி அளவு பெட்டி ஒன்று வாங்கி வந்தான். 400 ரூபாய். மாட்டினான். சுவரில் படம் விழுந்தது. பதிவேட்டில் எழுதியதை அழிக்கக் கூடாது அல்லவா? 'பழுது' என்ற சொல்லைச் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அந்த இளம் ஆசிரியை வாசலில் நின்றுகொண்டிருந்தார். "மன்னிச்சுக்கோம்மா" என்றேன். "எனக்கும்தான் தெரியல டீச்சர்" என்றார். அந்த மே மாதம் நான் ஓய்வு பெற்றேன்.

கச்சிதமாகப் பொருந்திய வயர் ஏன் வேலை செய்யவில்லை? ஓய்வு பெற்ற பிறகு இதைத் தேடித் தேடிப் படித்தேன். உங்களுக்கும் சொல்கிறேன். இதைப் புரிந்துகொண்டால் கடைக்காரரிடம் ஏமாற மாட்டீர்கள்.

ஆரம்பத்தில் இருந்து வருவோம்.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. அதன் அலை நம்மூர் வரை வரவில்லை. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிய பிறகுதான் நம் தென்மாவட்டங்களில் கம்பம் நட ஆரம்பித்தார்கள். பின்னால் கொடைக்கானல் கோபுரம் வந்தது. கம்பத்தின் உச்சியில் மீன் முள் போல ஆன்டெனா. அதற்கு யாகி-உடா என்று பெயர். 1926-ல் ஜப்பானில் உடா, யாகி என்ற இருவர் கண்டுபிடித்தது. மாடியில் ஒருவர் கம்பத்தைத் திருப்புவார், கீழே இருந்து "தெரியுது, தெரியுது, ஐயோ போச்சு" என்று கத்துவோம். என் வயது உறவுகளுக்கு நினைவிருக்கும்.

ஆன்டெனாவில் இருந்து இறங்கிய அந்தத் தட்டை வயர் ஒன்றில்தான் படம், வண்ணம், ஒலி எல்லாம் ஒன்றாக வந்தன. நம் பாஷையில் சொன்னால் ஓராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பும் ஒரே அறை. வாடகைக்கு டெக் எடுத்து விடிய விடியப் படம் பார்த்த காலத்திலும் இதே கதைதான். டெக்கில் இருந்து வந்த வயர் டிவியின் ஆன்டெனா ஓட்டையில்தான் போகும். டெக் தன்னை ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையமாகக் காட்டிக்கொள்ளும். டிவியில் ஒரு சேனலை அதற்கென்று வைத்து அதைப் பிடிப்போம்.

அடுத்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்று வயர். இந்தப் பின்னுக்கு ஆர்சிஏ என்று பெயர். டிவி பரவுவதற்கு முன்பே, இசைத்தட்டுக் கருவியை ரேடியோவோடு சேர்க்க அமெரிக்காவின் ரேடியோ கார்ப்பரேஷன் கொண்டுவந்தது. மஞ்சளில் படம், மற்ற இரண்டில் இடது வலது ஒலி. அரசு வண்ணத் தொலைக்காட்சி கொடுத்த காலத்தில், எங்கள் தெருவில் டிவிடி பெட்டியை எல்லோரும் இதில்தான் மாட்டினார்கள். இதற்கு ஒரு பெரிய குணம் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தாவும் மஞ்சளை மஞ்சளில், சிவப்பைச் சிவப்பில் சொருகிவிடுவார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவேன்.

இதில் குறை என்னவென்றால், படத்தின் வெளிச்சமும் வண்ணமும் மஞ்சள் வயரில் கலந்தே போகும். கலந்ததை டிவி பிரிக்கும்போது ஓரங்கள் கலங்கும். அதனால் இரண்டையும் தனித்தனியாக அனுப்பும் எஸ்-வீடியோ வந்தது. பிறகு மூன்று வயரில் பிரித்து அனுப்பும் காம்போனென்ட் வந்தது.

கம்ப்யூட்டர் பக்கம் 1987-ல் ஐபிஎம் நிறுவனம் விஜிஏ என்ற முறையைக் கொண்டுவந்தது. அதுதான் நம் நீலத் தலை. மூன்று வரிசையில் 15 ஊசிகள். சிவப்புக்கு ஒரு வழி, பச்சைக்கு ஒரு வழி, நீலத்துக்கு ஒரு வழி. வரி எப்போது தொடங்க வேண்டும், பக்கம் எப்போது தொடங்க வேண்டும் என்று மணி அடிக்க இன்னும் இரண்டு. பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வந்தாயிற்று. நீலத்தின் ஊசி வளைந்து தொடர்பு விட்டுப்போனால் வெள்ளைச் சுவர் மஞ்சளாகத் தெரியும். பல பள்ளிகளில் பார்த்திருப்பீர்கள்.

இதுவரை சொன்ன எல்லா வயர்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. எல்லாமே மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாகத்தான் படத்தை அனுப்பின. வெளிச்சம் அதிகம் என்றால் அழுத்தம் அதிகம், குறைவு என்றால் குறைவு. வகுப்பில் காதோடு காதாகச் செய்தி சொல்லும் விளையாட்டு விளையாடுவோமே, அதுபோல வழியில் சேரும் இரைச்சலும் செய்தியோடு சேர்ந்துவிடும். வயர் நீளம் என்றால் எழுத்துக்குப் பக்கத்தில் எழுத்தின் நிழல் விழும்.

பழைய குண்டு டிவிக்கு இது பொருத்தம். அதன் உள்ளே ஓடும் எலக்ட்ரான் கற்றைக்கு ஏற்ற இறக்கம்தான் தேவை. தட்டைத் திரை வந்த பிறகுதான் கூத்து. கம்ப்யூட்டருக்குள் படம் எண்களாக இருக்கிறது. விஜிஏ வயருக்காக அதை மின்னழுத்தமாக மாற்றுகிறார்கள். தட்டைத் திரை அதை வாங்கித் திரும்ப எண்ணாக்குகிறது. தமிழ்க் கடிதத்தை ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பி, பெற்றவர் மறுபடி தமிழில் மாற்றிப் படிப்பதுபோல. பொருள் கொஞ்சம் சிதையும், வேலையும் வீண்.

ஆகவே 1999-ல் டிவிஐ என்ற முறை வந்தது. எண்களை எண்களாகவே அனுப்பலாம். 2002 டிசம்பரில் எச்டிஎம்ஐ வந்தது. ஹிட்டாச்சி, மட்சுஷிட்டா, பிலிப்ஸ், சிலிக்கான் இமேஜ், சோனி, தாம்சன், தோஷிபா என்று ஏழு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கியது. 19 ஊசிகள். படமும் ஒலியும் ஒரே வயரில்.

இப்போது கணக்குப் பாடம். பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள்.

விஜிஏவின் முதல் அளவு 640 பெருக்கல் 480. மொத்தம் 3,07,200 புள்ளிகள். இன்று சாதாரணத் திரை 1920 பெருக்கல் 1080. அதாவது 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளியின் வண்ணத்தைச் சொல்ல 24 பிட் வேண்டும். ஒரு நொடிக்கு 60 படம். பெருக்கிப் பாருங்கள், நொடிக்கு ஏறத்தாழ 300 கோடி பிட்டுகள். 4கே திரை இதைப்போல நான்கு மடங்கு, ஏறத்தாழ 1,200 கோடி. இது வெறும் படத்துக்கு. வழித்துணைச் செலவு தனி.

இந்தக் கணக்குத்தான் வயர் மாறிக்கொண்டே இருப்பதற்குக் காரணம். 2009-ல் வந்த எச்டிஎம்ஐ 1.4-ன் கொள்ளளவு நொடிக்கு 1,020 கோடி பிட். அதனால் 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்ப முடிந்தது. 2013-ல் வந்த 2.0-வில் 1,800 கோடி. 60 முறை அனுப்ப முடிந்தது. 2017-ல் வந்த 2.1-ல் 4,800 கோடி. 2025-ல் அறிவித்த 2.2-ல் 9,600 கோடி. சாக்கெட்டின் வடிவம் மட்டும் மாறவே இல்லை.

ஆக, மாற்றமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீலத் தலை வயரில் இதை எல்லாம் அனுப்ப முடியாது. தண்ணீர்க் குழாய் பெரிதாகத்தான் வேண்டும். என் கோபம் வேறு.

இப்போது என் 250 ரூபாய் வயருக்கு வருகிறேன். எச்டிஎம்ஐயில் எண்கள் மட்டுமே வருகின்றன. விஜிஏக்கு மின்னழுத்தம் வேண்டும். நடுவில் ஒன்றை மற்றொன்றாக மாற்ற ஒரு சில்லு இருந்தே ஆக வேண்டும். அது இல்லாமல் இரண்டு தலைகளை ஒரு வயரில் கோர்ப்பது, தமிழ் மட்டும் தெரிந்தவரையும் ஜப்பான் மொழி மட்டும் தெரிந்தவரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைப்பது போன்றது. உட்காருவார்கள், பேச்சு நடக்காது. 400 ரூபாய்ப் பெட்டியில் அந்த மொழிபெயர்ப்பாளர் இருந்தார்.

அந்த மொழிபெயர்ப்பாளருக்கும் ஒரு திசைதான் தெரியும். எச்டிஎம்ஐயில் இருந்து விஜிஏக்கு மாற்றுவது வேறு பெட்டி. விஜிஏயில் இருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவது வேறு பெட்டி. வெளியே பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

என் கோபம் இங்கேதான். பொருந்துகிற இரண்டு பொருள் வேலை செய்ய வேண்டும் என்று நினைப்பது பாமரத்தனமா? பூட்டில் சாவி நுழைந்தால் திறக்கும் என்று நம்புவது மனித இயல்பு. சாவி நுழைந்தும் திறக்கவில்லை என்றால் குற்றம் சாவி செய்தவனுடையது. நாமோ வீட்டில் இருக்கிறவரைத் திட்டுகிறோம். நான் அந்தப் பெண்ணைத் திட்டியது அப்படித்தான்.

இந்த நோய் இப்போது குறையவில்லை, கூடியிருக்கிறது. 2014-ல் டைப்-சி வந்தது. 24 ஊசி, எந்தப் பக்கம் திருப்பிச் சொருகினாலும் சரி. ஆனால் அந்த ஒரே ஓட்டைக்குப் பின்னால் பல வேலைகள். சிலவற்றில் சார்ஜ் மட்டும் ஏறும். சிலவற்றில் கோப்பும் போகும். சிலவற்றில்தான் படமும் வரும். வெளித்தோற்றத்தில் வித்தியாசம் கிடையாது. என் தங்கை மகள் கல்லூரிக் கருத்தரங்குக்குப் போய், போன் சார்ஜ் ஏறுகிற அதே வயரால் மடிக்கணினியைத் திரையில் மாட்டினாள். சார்ஜ் ஏறியது, படம் வரவில்லை. முந்நூறு பேர் காத்திருக்க, இவள் வியர்த்துப்போய் வயரைத் திருப்பித் திருப்பிச் சொருகியிருக்கிறாள். இரண்டு மாதம் உழைத்த கட்டுரையைப் படமில்லாமல் வாயால் சொல்லிவிட்டு வந்தாள்.

எச்டிஎம்ஐயிலும் அப்படித்தான். டிவிப் பெட்டியில் 2.1 என்று போட்டிருந்தால் 2.1-ன் புதிய வசதிகள் அத்தனையும் இருக்கும் என்றுதானே நினைப்போம்? விதிப்படி அவை எல்லாம் விருப்பத்துக்கு உரியவை. எது இருக்கிறது என்று தயாரிப்பாளர் எங்காவது தெரிவித்திருந்தால் போதும். ஐந்து பாடத்தில் ஒன்றில் மட்டும் தேறிய பிள்ளைக்கு 'தேர்ச்சி' என்று போட்டுவிட்டு, எதில் தேறினான் என்பதைப் பின்பக்கம் சின்ன எழுத்தில் எழுதினால் பெற்றோர் சும்மா விடுவார்களா?

இதில் பணமும் இருக்கிறது. எச்டிஎம்ஐ சாக்கெட் வைக்கும் ஒவ்வொரு கருவிக்கும் தயாரிப்பாளர் ஒரு சிறு உரிமத்தொகை கட்ட வேண்டும். ஆண்டுக் கட்டணம் தனி. 2006-ல் வெசா என்ற அமைப்பு டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு முறையை வெளியிட்டது. அந்த அமைப்பு கருவிக்கு இவ்வளவு என்று கேட்பதில்லை. கம்ப்யூட்டர்த் திரைகளில் அது நிலைத்தது, டிவிகளில் எச்டிஎம்ஐ நிலைத்தது. இரண்டு ராஜ்ஜியம். நடுவில் வயர் வாங்கும் குடிமக்கள் நாம்.

போதாததற்கு எச்டிசிபி என்ற ஒரு பூட்டு. சினிமாவைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்யாமல் இருக்க இன்டெல் நிறுவனம் உருவாக்கியது. திரை இந்தப் பூட்டுக்குச் சாவி காட்டாவிட்டால் படம் வராது. பழைய புரொஜெக்டரிடம் சாவி கிடையாது. காசு கட்டி முறையாகப் பார்க்கிறவனுக்கும் கறுப்புத் திரைதான். திருடன் எப்படியும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

2010 டிசம்பரில் இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவா, சாம்சங், எல்ஜி எல்லாம் சேர்ந்து, 2015-க்குள் விஜிஏயைக் கைவிடப் போவதாக அறிவித்தன. அவர்கள் பக்க நியாயம் எனக்குப் புரிகிறது. 1987-ல் வந்த ஒன்றை எவ்வளவு காலம் சுமப்பது? மெல்லிய மடிக்கணினியில் அந்தத் தடித்த சாக்கெட்டுக்கு இடமும் இல்லை. ஆனால் கம்ப்யூட்டரின் ஆயுள் ஐந்தாறு வருடம் என்றால், ஒரு கிராமத்துப் பள்ளியில் புரொஜெக்டரின் ஆயுள் அது எரியும் வரை. புதியதில் ஓட்டையை எடுத்தவர்கள், பழையதை வைத்திருப்பவருக்கு ஒரு பாலம் போட்டுக் கொடுத்திருக்க வேண்டாமா? அந்தத் தீப்பெட்டியை மடிக்கணினியோடு சேர்த்துக் கொடுத்திருந்தால் என் பதிவேட்டில் 'பழுது' ஏறியிருக்காது.

நடக்காததைக் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். நம் நாட்டிலேயே இதைவிடப் பெரிய மாற்றம் ஒழுங்காக நடந்திருக்கிறது. 1957 ஏப்ரல் 1-ல் அணாக் கணக்குப் போய் நயா பைசா வந்தது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா. இனி 100 பைசா. ஒரே நாளில் பழைய காசு செல்லாது என்று சொல்லவில்லை. இரண்டும் சில காலம் சேர்ந்தே புழங்கின. எத்தனை அணாவுக்கு எத்தனை நயா பைசா என்று மாற்று அட்டவணை இருந்தது. புதிய காசின் மேலேயே 'ரூபாயில் நூறில் ஒரு பங்கு' என்று இந்தியில் அச்சடித்தார்கள். மக்கள் பழகிய பிறகு 1964-ல் 'நயா' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். காசு தன் மதிப்பைத் தன் உடம்பிலேயே சொன்னது. டைப்-சி வயர் தன் மதிப்பைத் தன் உடம்பில் சொல்ல என்ன கஷ்டம்?

அரசுகள் தலையிட்டால் நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. பிரான்சில் ஸ்கார்ட் என்று 21 ஊசிச் சாக்கெட் ஒன்றை உருவாக்கி, 1980 முதல் புதிய டிவிகளில் அது இருந்தே ஆக வேண்டும் என்றார்கள். ஐரோப்பா முழுவதும் பல ஆண்டு டிவியும் டெக்கும் அதில்தான் பேசிக்கொண்டன. இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிய போன்களுக்கு டைப்-சி சார்ஜ் முனை கட்டாயம். அது ஓட்டையின் வடிவத்தை ஒன்றாக்கியது. அடுத்து, ஓட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெளிவாக எழுதுவதையும் கட்டாயமாக்க வேண்டும். நம் நாட்டிலும் வேண்டும். மருந்துப் பட்டையில் காலாவதி நாள் போடுகிறோம். எண்ணெய் பாக்கெட்டில் எடை போடுகிறோம். வயரின் மீது 'படம் வரும், வராது' என்று நாலு எழுத்துப் போட முடியாதா? அதையும் மஞ்சளுக்கு மஞ்சள், சிவப்புக்குச் சிவப்பு என்பதுபோல, என் அப்பத்தாவுக்கும் புரிகிற மாதிரி போட வேண்டும்.

சட்டம் வருகிறபோது வரட்டும். நம் டிவி விஷயத்துக்கு வருவோம். 1994 பிள்ளைகளே, கவனியுங்கள்.

முதலாவது, 8கே வேண்டாம். அதற்கு 3 கோடியே 31 லட்சம் புள்ளிகள். நம் பள்ளி மடிக்கணினி அனுப்புவது 20 லட்சம் புள்ளிகள். ஏற்றம் இறைத்து ஏரியை நிரப்ப முடியாது. துபாய்த் தம்பியின் பணத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, கீழே வேலை வைத்திருக்கிறேன்.

இரண்டாவது, எந்தக் கம்பெனி ஆனாலும் எச்டிஎம்ஐ சாக்கெட் மூன்றாவது இருக்கட்டும். அதில் ஒன்று பக்கவாட்டில், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். சுவரில் மாட்டிய பிறகு பின்பக்கம் கை விட முடியாது.

மூன்றாவது, கடைக்குப் போகும்போது பள்ளி மடிக்கணினியைக் கையோடு கொண்டுபோங்கள். அங்கேயே மாட்டி, படமும் ஒலியும் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கல்யாணத்துக்குப் பட்டு எடுத்தால் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறோம் அல்லவா?

நான்காவது, துபாய்த் தம்பியின் பங்கு. ஐந்து மீட்டர் எச்டிஎம்ஐ வயர் இரண்டு. பெட்டியில் 'பிரீமியம் ஹைஸ்பீடு' என்ற முத்திரை ஒட்டி இருக்கட்டும், 1,800 கோடி பிட் தாங்கும், நமக்குத் தாராளம். தங்க முலாம் பூசியது என்று நாலாயிரம் ரூபாய்க்கு ஒன்று காட்டுவார்கள், வேண்டாம். எண்கள் பிழையில்லாமல் வந்து சேர்ந்தால் எல்லாம் ஒரே படம்தான். அலுவலகத்துப் பழைய கம்ப்யூட்டருக்காக விஜிஏயில் இருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் பெட்டி ஒன்று. விஜிஏயில் ஒலி வராது, அதற்குத் தனி வயர் ஒன்று. எல்லா முனையிலும் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, எது எதோடு சேரும் என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். கையெழுத்து அழகாக உள்ளவர்கள் எழுதவும். யார் யார் என்று எனக்குத் தெரியும்.

ஐந்தாவது, பழைய புரொஜெக்டரைக் கழித்துவிடாதீர்கள். அந்தத் தீப்பெட்டிப் பெட்டியோடு மூன்றாம் வகுப்புக்குப் போகட்டும். தூக்கி எறிந்தால் அது எங்கோ குப்பையில் கிடந்து மண்ணைத்தான் கெடுக்கும்.

ஆறாவது, ரிப்பன் வெட்டிப் படம் எடுத்ததும் கிளம்பிவிடாதீர்கள். ஒரு மணி நேரம் இருந்து ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஐந்தாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு அவர்களையும் மாட்டிக் கழற்றச் சொல்லுங்கள். ஊசி வளைந்தால் வளையட்டும், வயர் வாங்கிக்கொள்ளலாம். "தொட்டுக் கெடுத்துட்டியே" என்று யாரும் யாரையும் சொல்லக் கூடாது. இது என் நிபந்தனை.

நேற்று முன்தினம் அந்த ஆசிரியைக்குப் போன் செய்தேன். இன்னும் நம் பள்ளியில்தான் இருக்கிறார். "பிள்ளைங்க டிவி வாங்கப் போறாங்கம்மா, உனக்கு எப்படி வேணும்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "எந்த டிவின்னாலும் சரி டீச்சர். வயர் மட்டும் பிள்ளைங்க கால்ல தட்டாத நீளத்துல இருக்கணும். அப்புறம், நீர்ச்சுழற்சிப் படமெல்லாம் பென்டிரைவ்ல இன்னும் வச்சிருக்கேன்."

ஆகவே டிவியின் பக்கவாட்டில் ஒரு யுஎஸ்பி சாக்கெட்டும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கில் எங்காவது தப்பு இருந்தால் கமெண்டில் திருத்துங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஒற்றுப்பிழையோடு திருத்தினால் மட்டும் கோபித்துக்கொள்வேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்